பாடுறவர் காதுக்குள்ள நடந்த வரலாறு

1/
பாப்பாரப்பட்டின்னா பலருக்கும் சுப்பிரமணிய சிவா ஞாபகம் வரும். ஊர் ஊராகப் பேசியே மக்களைத் திரட்டியவர். 1925 ஜூலை 23 அன்று இங்கேதான் மறைந்தார். அந்தக் காலத்தில் குரலைப் பதிவு செய்யும் கருவி இசைத்தட்டு கம்பெனிகள் கையில் இருந்தது. இன்று அதே ஊரில் ஒரு வீட்டுக் கம்ப்யூட்டர் போதும். நடுவில் என்ன நடந்தது? வாங்க, பார்ப்போம்.

2/
1931இல் வந்தது காளிதாஸ். ஆரம்பகாலப் பேசும் படங்களில் நடிப்பவரே பாடணும். வாத்தியக்காரர்கள் கேமராவில் படாமல் பக்கத்திலேயே வாசிப்பார்கள். ஒருத்தர் தப்பினாலும் எல்லாரும் மறுபடி முதலில் இருந்து!

3/
1938இல் மெய்யப்ப செட்டியார் எடுத்த நந்தகுமார் படத்தில் லலிதா வெங்கட்ராமன் பாடினார். தமிழின் முதல் பின்னணிப் பாடல் என்று இதைத்தான் சொல்வார்கள். முகம் ஒருவருடையது, குரல் இன்னொருவருடையது.

4/
அடுத்தது டேப். பழைய பதிவைக் கேட்டுக்கொண்டே அதன்மேல் புதிதாகப் பாடினால் ஒரு சிக்கல். கேட்கவைக்கும் முனையும் பதியும் முனையும் தள்ளித்தள்ளி இருந்ததால் தாளம் பிந்தும். பதியும் முனையாலேயே கேட்கவும் வைத்து ஆம்பெக்ஸ் கம்பெனி இதைத் தீர்த்தது. அந்த 8 டிராக் மெஷின் 1957இல் கிதார் கலைஞர் லெஸ் பாலுக்குப் போனது.

5/
1989இல் ஏ.ஆர்.ரஹ்மான் சென்னையில் தன் வீட்டோடு பஞ்சதன் ஸ்டுடியோவை அமைத்தார். 1992இல் ரோஜா. தயாரான இசைமேல் பாடகர் தனியாக வந்து பாடும் முறை தமிழில் பரவலானது. 2000இல் ஆடாசிட்டி மென்பொருள் இலவசமாக வந்தது. ஸ்டுடியோ வாடகை இல்லாதவருக்கும் கதவு திறந்தது.

6/
ஆனால் அந்தப் பழைய பிந்தல் கம்ப்யூட்டரிலும் உண்டு. ஒலியைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்துவைத்துத்தான் அது அனுப்பும். நொடிக்கு 44,100 மாதிரிகள் என்றால், 512 மாதிரி சேர்க்க மட்டும் சுமார் 12 மில்லிசெகண்ட். போக, வர என்று இது கூடும். நம் குரலே சுமார் 200 மில்லிசெகண்ட் தாமதமாகக் காதில் விழுந்தால் நல்லாப் பேசுறவருக்கும் நாக்கு தடுமாறும். 1950களிலேயே ஆய்வில் பார்த்தது இது. காரணம் எளிது: மூளை காதைக் கேட்டுக்கேட்டுத்தான் குரலைத் திருத்துகிறது.

அதனால் பாடும்போது புளூடூத் ஹெட்போன் வேண்டாம், வயர் உள்ளதே நல்லது. பஃபர் அளவைக் குறைங்க. பாடி முடித்த பிறகும் பிந்தியே இருந்தால், குரல் டிராக்கை முன்னால் நகர்த்திக்கலாம்.

7/
இன்னொன்று. சத்தம் கூடினால் நாம் அறியாமலே குரலை உயர்த்துவோம். 1911இல் இதை எழுதியவர் லோம்பார்ட் என்ற பிரெஞ்சு காது மூக்கு தொண்டை மருத்துவர். ஹெட்போனில் இசையை அலறவிட்டால் நீங்களும் கத்துவீங்க; தொண்டை கட்டும், காதும் கெடும். இசையைக் குறைச்சு வைங்க. ஒரு காதை லேசாகத் திறந்து பாடினால் சுருதி பிடிபடும். குரல் கம்மல் மூன்று வாரம் தாண்டினால் தொண்டையை டாக்டரிடம் கட்டாயம் காட்டணும்.

8/
தாலாட்டோ கூத்துப்பாட்டோ தெரிந்த பெரியவங்க உங்க வீட்டில் இருக்காங்களா? அவங்களுக்கு டிராக் எதுவும் போட வேண்டாம். மின்விசிறியை நிறுத்திட்டு, அவங்க போக்கில் பாடவிட்டுப் பதிங்க. இசையை அப்புறமா எப்போ வேணும்னாலும் சேர்க்கலாம். குரலை இந்த ஞாயிறே எடுத்து வைங்க.