ஓம் விதி பிறந்த வரலாறு

ஒரு மின்னடுப்பின் முனைகளுக்கிடையே 230 உவோற்று அழுத்த வேறுபாடு நிலவ, அதனூடாக 5 அம்பியர் ஓட்டம் பாயுமாயின், முன்னதைப் பின்னதால் வகுத்துத் தடை 46 ஓம் என்றும், இரண்டையும் பெருக்கி வலு 1150 உவாற்று என்றும் இன்றைய மாணவன் கணப்பொழுதிற் கூறிவிடுவான். ஆயின், எதனை எதனால் வகுத்தல் வேண்டும் என்பதை உலகம் அறிதற்கு ஓர் ஆசிரியர் தம் வாழ்வின் பெரும்பகுதியைக் கொடுக்க வேண்டியிருந்தது.

உவோற்றா என்பார் 1800 இல் மின்னடுக்கை அமைத்தார். மின்னோட்டம் காந்த ஊசியைத் திருப்பும் என்பதை ஏர்ஸ்ரெட் 1820 இற் கண்டார். ஓட்டத்தை உண்டாக்கவும் உணரவும் வழி பிறந்ததேயன்றி, அதன் அளவை வரையறுப்பது யாது என்பது விளங்கவில்லை. இங்கிலாந்திலே கவெண்டிசு என்பார் பதினெட்டாம் நூற்றாண்டிலேயே, தம் உடலில் உற்ற அதிர்ச்சியை அளவாகக் கொண்டு இவ்விதியை அணுகியிருந்தார். ஆனால் அக்குறிப்புக்களை அவர் வெளியிட்டாரல்லர். 1879 இல் மக்ஸ்வெல் பதிப்பித்தபோதே அவை உலகறிய வந்தன.

யோர்ச் சைமன் ஓம் 1789 இல் யேர்மனியின் எர்லாங்கன் நகரிற் பூட்டுத்தொழிலாளர் ஒருவரின் மைந்தராய்ப் பிறந்தார். 1817 முதற் கொலோன் நகரப் பள்ளியொன்றிற் கணிதமும் பௌதிகமும் கற்பித்த அவர், அப்பள்ளியின் கருவிகளைக் கொண்டே ஆராயலானார். மின்கலத்தின் வன்மை பரிசோதனையின் நடுவே தளர்ந்தமையால், 1825 இல் அவர் வெளியிட்ட முதற் சூத்திரம் பிழையாயிற்று. பொக்கெண்டோர்ப் என்னும் அறிஞரின் அறிவுரைப்படி, சீபெக்கு 1821 இற் கண்ட வெப்பவிணையை அவர் மேற்கொண்டார். பிசுமதும் செம்பும் பொருந்தும் சந்திகளில் ஒன்றைக் கொதிநீரிலும் மற்றதைப் பனிக்கட்டியிலும் வைப்பின், வெப்பநிலைகள் மாறாமையால் மின்னியக்கமும் மாறாதிருந்தது. ஒரே பருமனும் வெவ்வேறு நீளமுமுள்ள எட்டுச் செப்புக்கம்பிகளை ஒவ்வொன்றாய் இணைத்து, காந்த ஊசியைக் கொண்டு ஓட்டத்தை அளந்தார். கம்பியின் நீளத்தோடு ஒரு மாறிலியைக் கூட்டிவரும் தொகைக்கு ஓட்டம் நேர்மாறாக இருந்தது. அம்மாறிலி சுற்றின் ஏனைய பகுதியின் தடையேயாம்.

1827 இற் பெர்லினில் வெளிவந்த அவரது நூலைத் தாய்நாட்டவர் பலர் மதித்திலர். பல்கலைக்கழகப் பதவியை எதிர்நோக்கியவர் கொலோன் வேலையையும் இழந்து, சிறு ஊதியத்திற்குக் கற்பித்துக் காலங்கழித்தார். 1833 இலேயே நியூரம்பேர்க்கில் நிலையான பதவி கிடைத்தது. இலண்டன் றோயல் கழகம் 1841 இற் கொப்ளி பதக்கம் வழங்கியது. மியூனிச்சிற் பௌதிகப் பேராசிரியர் பதவி 1852 இல் வந்தெய்தியது. இரண்டாண்டுகளில் அவர் மறைந்தார்.

பதக்கம் கிடைத்த அதே 1841 இல், கம்பியிற் பிறக்கும் வெப்பம் ஓட்டத்தின் வர்க்கத்திற்கும் தடைக்கும் நேர்விகிதசமம் என யூல் வெளியிட்டார். ஓட்டத்தைத் தடையாற் பெருக்க வருவது அழுத்த வேறுபாடு என்பது ஓம் விதி. ஆதலின் இவ்விரண்டும் பொருந்த, அழுத்தமும் ஓட்டமும் பெருகிய பெருக்கமே வலு என்பது பெறப்படும். 1881 இற் பாரிசிற் கூடிய மின்னியல் மாநாடு தடையின் அலகுக்கு ஓம் என்னும் பெயரை ஏற்றது.

வெப்பநிலை மாறாத உலோகக் கடத்திகளுக்கு இவ்விதி இன்றும் பொருந்தும். அச்சேறிய தம் பிழையை ஒளியாது, மாறாத மின்மூலத்தைத் தேடி மீண்டும் அளந்த ஓர் ஆசிரியரின் நேர்மையே அதன் அடித்தளமாகும்.