கரிகாலனைக் கொன்றது யார்? எங்கள் வீட்டு வழக்கு

எங்கள் வீட்டில் ஒரு கொலை வழக்கு முப்பது ஆண்டுக்கு மேல் நடந்தது. ஒரு பக்கம் என் அத்தை, மறுபக்கம் என் அப்பா. கொலையுண்டவன் ஆதித்த கரிகாலன், சுந்தர சோழரின் மூத்த மகன். அத்தை போனதோடு வழக்கு முடிந்தது என்று நினைத்திருந்தேன். 2022-இல் படம் வந்ததும் பேரப்பிள்ளைகள் மறுபடி எடுத்துவிட்டார்கள். கடற்கரையில் காலை நடை முடிந்து நாங்கள் நாலு பேர் உட்காரும் பெஞ்சிலும் இப்போது அதே பேச்சுத்தான்.

'பொன்னியின் செல்வன்' கல்கி இதழில் 1950 அக்டோபர் கடைசியில் தொடங்கி 1954 மே மாதம் முடிந்தது. அப்போது எங்கள் ஊர் இன்னும் பிரெஞ்சுக்காரர் கையில். கடலூரிலிருந்து வரும் மாமா சுங்கச் சாவடியைத் தாண்டி இதழைக் கொண்டுவந்து கொடுப்பாராம். அத்தை சின்ன வயதில் கணவரை இழந்து எங்களோடு இருந்தவர். தொடர் வந்த பக்கங்களை மட்டும் கத்தரித்து, மணியத்தின் படங்கள் கசங்காமல் அடுக்கி, ஐந்து பாகத்தையும் தனித்தனியாகத் தைத்து வைத்திருந்தார். நான் அப்போது கைக்குழந்தை. பதின்மூன்று பதினாலு வயதில்தான் அந்தக் கட்டுகள் என் கைக்கு வந்தன. பள்ளியில் எல்லாம் பிரெஞ்சு. தமிழ் எழுத்துக்கூட்டித்தான் படிப்பேன். முதல் பாகம் முடிக்க ஒரு கோடை விடுமுறை முழுவதும் ஆயிற்று. மற்ற நாலு பாகத்தையும் அடுத்த இரண்டு மாதத்தில் முடித்தேன் என்றால், கதை எப்படி இழுத்தது என்று உங்களுக்கே தெரியும்.

அப்பாவுக்கு அதில் கொஞ்சம் பொறாமை. அவர் துய்மாவின் பக்தர். 'மூன்று துப்பாக்கி வீரர்கள்' 1844-இல் பாரிஸில் 'லெ சியெக்ல்' என்னும் நாளேட்டில் தொடராக வந்த கதை. ஒரு ஏழை வீரன், பெயர் தார்த்தன்யான், அழகில்லாத ஒரு குதிரையில் தனியாகத் தலைநகரம் நோக்கி வருகிறான். இடுப்பில் வாள், பையில் ஒரு கடிதம், வாயில் வம்பு. வழியில் முதல் ஊரிலேயே சண்டை, கடிதம் களவு போகிறது. இங்கே வந்தியத்தேவன் ஆடிப் பதினெட்டாம் பெருக்கன்று வீரநாராயண ஏரிக் கரையில் குதிரையில் வருகிறான். பையில் ஒன்றுக்கு இரண்டு ஓலை. அங்கே ஆபத்தான அழகி மிலேடி, இங்கே நந்தினி. "பார்த்தாயா அக்கா, உங்கள் கல்கி எங்கள் துய்மாவிடம் பாடம் கேட்டவர்" என்பார் அப்பா.

"யாரிடம் கேட்டால் என்னடா? குதிரை நம்ம ஏரிக்கரையில்தானே ஓடுகிறது" என்பார் அத்தை.

ஒரு விஷயத்தில் இரண்டும் நிஜமாகவே ஒன்று. தார்த்தன்யான் வாழ்ந்த மனிதர். 1673-இல் மாஸ்திரிக்ட் முற்றுகையில் இறந்தார். அவர் பெயரால் வேறொருவர் எழுதிய 'நினைவுக் குறிப்புகள்' 1700-இல் வெளிவந்தன. துய்மா எடுத்துக்கொண்டது அந்தப் புத்தகத்தை. வந்தியத்தேவனுக்கு அவ்வளவுகூடக் கிடையாது. தஞ்சைப் பெரிய கோவில் கல்வெட்டில் குந்தவைப் பிராட்டியை வல்லவரையர் வந்தியத்தேவரின் தேவியார் என்று சொல்கிற இடம்தான் கல்கிக்குக் கிடைத்த விதை. அதிலிருந்து ஐந்து பாகத்துக்கு ஒரு கதாநாயகனை வளர்த்தார் என்பதில் அப்பாவுக்கும் மரியாதை உண்டு. வெளியில் சொல்ல மாட்டார்.

சிரிப்பில் மட்டும் இரண்டு பேரும் ஒரே கட்சி. அரிசிலாற்றங்கரையில் பெண்களைக் காப்பாற்றுவதாக எண்ணி, செத்துப்போய்ப் பாடம் பண்ணி வைத்த முதலையின் மேல் வந்தியத்தேவன் வேலை எறிவானே, அந்தக் கட்டத்தை அத்தை உரக்கப் படிக்க, அப்பா கண்ணில் நீர் வரச் சிரிப்பார். ஆழ்வார்க்கடியான் கைத்தடியைத் தூக்கிக்கொண்டு சைவர்களோடு சண்டைக்குப் போவதும் அப்படியே. சரித்திரக் கதை என்றால் எல்லாரும் விறைத்துக்கொண்டு பேச வேண்டும் என்கிற எண்ணம் கல்கிக்கு இல்லை. நகைச்சுவைக் கட்டுரையில் பழகிய கை அல்லவா!

சரி, கொலைக்கு வருவோம். கடம்பூர் மாளிகையில், இருட்டில், கரிகாலன் சாகிறான். பிடிபட்டவன் வந்தியத்தேவன். அவனைக் காப்பாற்ற மணிமேகலை "நான்தான் கொன்றேன்" என்கிறாள். பிறகு பெரிய பழுவேட்டரையர் பழியைத் தன் மேல் ஏற்றுக்கொண்டு உயிரையும் விடுகிறார். சதிகாரர்கள் ரவிதாசனும் கூட்டமும் அங்கேயே இருந்தார்கள். நந்தினியும் இருந்தாள். இத்தனை பேரை நிறுத்திவிட்டு, அரைகுறை வெளிச்சத்தில் நம்மைத் தடவ விட்டுவிட்டார் ஆசிரியர்.

எங்கள் பெஞ்சில் பழைய போலீஸ்காரர் ஒருவர் உண்டு. கிழவர் எறிந்த கத்திதான், ஒப்புக்கொண்ட பிறகு என்ன விசாரணை என்பது அவர் கட்சி. ஓய்வுபெற்ற தமிழாசிரியர், கரிகாலன் தானே சாவைத் தேடிப் போனவன், யார் கை என்பது முக்கியமில்லை என்பார். மூன்றாமவர், யாருக்கு லாபமோ அவனைப் பிடி, உத்தம சோழனைப் பிடி என்பார். என் மனைவியைக் கேட்டேன். "ஆளாளுக்கு ஒரு ஓலையைக் கொடுத்து அந்தப் பையனை அலைக்கழித்தார்களே, குந்தவையை ஏன் யாரும் கேட்கவில்லை?" என்றாள். நாலு பேரும் பதில் சொல்லவில்லை.

மூன்றாமவர் சொன்னது வெறும் பெஞ்சுப் பேச்சு இல்லை. காட்டுமன்னார்கோவில் பக்கத்தில் உடையார்குடி அனந்தீசுவரர் கோவிலில் ஒரு கல்வெட்டு இருக்கிறது. முதலாம் இராசராசனின் இரண்டாம் ஆட்சியாண்டு. பாண்டியன் தலைகொண்ட கரிகாலனைக் கொன்ற துரோகிகள் என்று சோமன், ரவிதாசன், பரமேசுவரன் ஆகியோரைப் பெயர் சொல்லிக் குறிக்கிறது. ரவிதாசனுக்குப் பஞ்சவன் பிரமாதிராயன் என்று பட்டம். பிரமாதிராயன் என்பது அந்தணரான பெரிய அதிகாரிகளுக்குக் கொடுத்தது. ஆக, கொன்றவர்கள் காட்டில் ஒளிந்திருந்த கூட்டம் மட்டுமல்ல, அரசாங்கத்தில் பதவி பார்த்தவர்கள். அவர்களுடைய சொத்தும் உறவினர்களுடைய சொத்தும் பறிமுதல் என்பது அரசர் ஆணை.

வேடிக்கை என்னவென்றால், இந்த ஊர்தான் பழைய வீரநாராயண சதுர்வேதிமங்கலம். வந்தியத்தேவன் முதல் அத்தியாயத்தில் குதிரையில் வருகிற ஏரி இதன் ஏரி. இன்று சென்னைக்குக் குடிநீர் போகிற வீராணம். கடம்பூரும் தூரமில்லை.

கரிகாலன் இறந்தது 969 வாக்கில். அடுத்துப் பட்டத்துக்கு வந்தவன் சித்தப்பா முறையான உத்தம சோழன். இராசராசன் வந்தது 985-இல். நடுவில் உத்தமன் ஆண்ட ஆண்டுகளில் கொலைகாரர்கள் மேல் நடவடிக்கை இல்லை, இராசராசன் வந்த இரண்டாம் ஆண்டிலேயே நடவடிக்கை என்று பார்த்து, நீலகண்ட சாஸ்திரியார் சந்தேகத்தை உத்தமன் பக்கம் திருப்பினார். சதாசிவப் பண்டாரத்தார் தம் பிற்காலச் சோழர் சரித்திரத்தில் அதை ஒப்பவில்லை. எனக்குப் பெரிதாகப் படுவது ஒன்று உண்டு. உத்தமனின் மகன் மதுராந்தகன் கண்டராதித்தன் இராசராசன் ஆட்சியில் கோவில் காரியங்களை விசாரிக்கும் அதிகாரியாக இருந்தான். அண்ணனைக் கொல்வித்தவன் என்று நம்பினால் அவன் மகனுக்கு அந்தப் பதவி கொடுப்பார்களா?

கல்கி இதை எப்படிக் கையாண்டார் பாருங்கள். மதுராந்தகன் ஒருவனை இரண்டாகப் பிளந்துவிட்டார்! அரியணைக்கு ஆசைப்பட்டுச் சதிகாரர்களோடு சேர்ந்தவன் போலி மதுராந்தகன். அவன் பாண்டியர் பக்கம் போய்விடுகிறான். செம்பியன் மாதேவியின் உண்மைப் பிள்ளை பூக்கட்டிக்கொண்டிருந்த சேந்தன் அமுதன். அவனே உத்தம சோழன், களங்கமில்லாதவன். "குழந்தையை மாற்றி வைப்பது கிழட்டுத் தந்திரம்" என்று அப்பா கேலி செய்வார். எனக்கும் சின்ன வயதில் அப்படித்தான் பட்டது. இப்போது அது ஒரு தீர்ப்பு என்று தோன்றுகிறது. நிரூபணம் இல்லாமல் செத்த மனிதன் மேல் கொலைப்பழி போட அவர் விரும்பவில்லை. சந்தேகத்தை ஒரு கற்பனை ஆள் தலையில் இறக்கிவைத்தார்.

இனி நான் குமாஸ்தாவாகப் பேசுகிறேன். என் வேலைக் காலத்தில் பாதி பழைய பிரெஞ்சு நொத்தேர் பத்திரங்களைப் படித்துச் சொல்வதில் போயிற்று. எனக்கு மட்டும்தான் அந்தக் கையெழுத்து புரியும். ஒரு சொத்து ஏலத்துக்கு வந்து கிரயமான பத்திரத்தில் பத்திரத் தேதி இருக்கும். குற்றம் நடந்த தேதி வேறு, தீர்ப்புத் தேதி வேறு, ஜப்தி வேறு, விற்பனை வேறு. சில பத்திரங்களில் முதலுக்கும் கடைசிக்கும் நடுவே இருபது ஆண்டுகூடப் பார்த்திருக்கிறேன். உடையார்குடிக் கல்வெட்டு கொலை வழக்கின் தீர்ப்பு அல்ல. பறிமுதலான நிலத்தைச் சபையார் விற்க, ஒருவர் வாங்கித் தர்மத்துக்கு விட்டதைச் சொல்லும் சாசனம். துரோகிகள் என்று அவர்களைச் சும்மா சொல்கிறது, முன்பே ஊரறிந்த சங்கதி போல. உறவினர் சொத்து வரைக்கும் ஆணை போகிறது என்றால், நேர்க் குற்றவாளிகளின் கதை எப்போதோ முடிந்து, மிச்சம் மீதி இழுத்துக்கொண்டே வந்திருக்கலாம். உத்தமன் காலத்தில் ஒன்றும் நடக்கவில்லை என்பதை அந்தத் தேதி சொல்லாது. அவன் நல்லவன் என்பதையும் சொல்லாது, அது வேறு.

இதில் எனக்கு இவ்வளவு அக்கறை ஏன் என்று மனைவி கேட்டாள். அவளிடம் சொன்னதை உங்களிடமும் சொல்லிவிடுகிறேன். ஓர் அலுவலகத்தில் ஒரு நில நஷ்டஈட்டு உத்தரவு பதினாலு மாதம் தாமதமானது. யார் மேசையில் நின்றது என்று குறிப்பு எழுதச் சொன்னார்கள். கோப்பில் கடைசியாக இருந்த கையெழுத்து என் பக்கத்து மேசைக்காரருடையது. அடுத்த கையெழுத்து பதினாலு மாதம் கழித்து. நடுவில் ஒன்றும் இல்லை. நான் இரண்டு தேதிகளையும் எழுதி, 'இன்னார் வசம் இருந்ததாகத் தெரிகிறது' என்று முடித்தேன். அவருக்கு இன்கிரிமென்ட் நிறுத்தினார்கள். "உனக்குத் தெரியாதா, நான் வைத்துக்கொள்கிற ஆளா?" என்று ஒரே ஒரு தடவை கேட்டார். நான் கோப்பைக் காட்டினேன்.

அவர் ஓய்வுபெற்றுப் போன பிறகு பீரோவை நகர்த்தும்போது பழைய பியூன் புத்தகம் ஒன்று கிடைத்தது. கோப்பு மூன்றாம் நாளே மேலிடத்துக்குப் போயிருக்கிறது. வாங்கிக்கொண்டவர் கையெழுத்தும் இருந்தது. காட்டினேன். முடிந்துபோன விஷயம் என்றார்கள். அவர் வீடு இருந்த தெரு எனக்குத் தெரியும். சைக்கிளில் பத்து நிமிஷம். போகவில்லை. ஒவ்வொரு தீபாவளிக்கும் போகலாம் என்று நினைப்பேன். ஒரு தீபாவளிக்கு முன் அவர் போய்விட்டார்.

சென்ற தை மாதம் நாங்கள் நாலு பேரும் சிதம்பரம் வழியாக உடையார்குடி போய்வந்தோம். கல்வெட்டு எழுத்து எங்களுக்குப் படிக்க வரவில்லை. தமிழாசிரியருக்கு மட்டும் இரண்டு மூன்று எழுத்துப் பிடிபட்டது. போலீஸ்காரர் சுவரில் கை வைத்துக்கொண்டு, "இதில் வாக்குமூலம் இருக்கா?" என்று கேட்டார். "இல்லை. கிரயம்தான் இருக்கிறது" என்றேன்.

திரும்பி வந்ததும் அத்தையின் ஐந்தாம் கட்டை எடுத்தேன். தொடர் முடிந்தபோது வாசகர்கள் பலர் குறைப்பட்டார்கள், கல்கி அதற்கெல்லாம் முடிவுரையில் பதில் எழுதினார் அல்லவா? அந்தப் பக்கத்தையும் அத்தை சேர்த்துத் தைத்திருந்தார். அதற்குள் ஓர் அஞ்சல் அட்டை. கல்கி ஆசிரியருக்கு அத்தை பென்சிலில் எழுதி அனுப்பாமல் விட்டது. அதே வருஷம் டிசம்பரில் கல்கி இறந்துவிட்டார். கொலைகாரன் யார் என்றுதான் கேட்டிருப்பார் என்று நினைத்துக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு படித்தேன்.

கரிகாலன் பேச்சே இல்லை. செய்யாத கொலையைச் செய்தேன் என்று சொன்ன அந்தக் கடம்பூர்ப் பெண் மணிமேகலையைக் கடைசி அத்தியாயத்தில் ஏன் சாகடித்தீர்கள் என்று கேட்டிருந்தார்.