அப்பா உயில் எழுதாம இறந்துட்டா சொத்து யாருக்கு? விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து போடும் முன் இதைப் படிங்க!

பதினாறாம் நாள் காரியம் முடிந்த கையோடு பல வீடுகளில் இது நடக்கும். "பேருக்கு ஒரு கையெழுத்துதான்மா, பட்டா மாத்தணும்" என்று அண்ணனோ தம்பியோ ஒரு பத்திரத்தை நீட்டுவார். பெரும்பாலும் அது விடுதலைப் பத்திரமாக இருக்கும். அதாவது, உங்கள் பங்கை நீங்களே விட்டுக்கொடுக்கும் ஆவணம். பதிவாகிவிட்டால், ஏமாற்றி வாங்கினார்கள் என்பதை கோர்ட்டில் நீங்கள்தான் நிரூபிக்க வேண்டும். வாரிசுகள் எல்லார் பெயரிலும் பட்டா மாற்ற இந்தப் பத்திரமே தேவையில்லை.

யாருக்கு எவ்வளவு பங்கு?

அப்பா சொந்தமாகச் சம்பாதித்த சொத்து, உயில் இல்லை என்றால், 1956-ம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மனைவி, மகன், மகள், இறந்தவரின் தாய் எல்லாருக்கும் சம பங்கு. 40 லட்சம் ரூபாய் வீடு, இந்த நாலு பேரும் இருக்கிறார்கள் என்றால் ஆளுக்கு 10 லட்சம். பாட்டியைப் பலரும் கணக்கிலேயே சேர்ப்பதில்லை! மகள் முன்பே இறந்திருந்தால் அவரது பங்கு அவர் பிள்ளைகளுக்குப் போகும்.

கிறிஸ்தவர்களுக்கு 1925-ம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டம், முஸ்லிம்களுக்கு ஷரியத் சட்டம். அங்கே கணக்கு வேறு.

"கல்யாணத்துக்கு நகை போட்டாச்சே, இனி என்ன பங்கு?"

நகை போட்டதால் பங்கு போகாது. பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் பிறப்பிலேயே உரிமை உண்டு. தமிழ்நாட்டில் 1989-லேயே, அப்போது திருமணமாகாத பெண்களுக்கு இந்த உரிமை வந்துவிட்டது. 2005 திருத்தம் எல்லா மகள்களுக்கும் கொடுத்தது. அந்தத் திருத்தம் வந்தபோது அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை என்று 2020-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆனால் 2004 டிசம்பர் 20-க்கு முன்பே முறையாகப் பாகப்பிரிவினை முடிந்திருந்தால் அதைக் கிளற முடியாது.

"தாத்தா சொத்து பேரனுக்கு" என்பதும் எப்போதும் சரியல்ல. தாத்தா சம்பாதித்து, 1956 சட்டம் வந்த பிறகு உயில் எழுதாமல் இறந்து, அப்பாவுக்கு வந்த பங்கு பொதுவாக அப்பாவின் தனிச்சொத்துதான். அதை அவர் யாருக்கு வேண்டுமானாலும் எழுதலாம்.

நாமினிதான் ஓனரா?

இல்லை. பேங்க் டெபாசிட், ஷேர் போன்றவற்றில் நாமினி பணத்தை வாங்கி வைத்திருப்பவர் மட்டுமே. மற்ற வாரிசுகள் தங்கள் பங்கைக் கேட்கலாம்.

உயிலுக்கு ஸ்டாம்ப் பேப்பர் வேண்டுமா?

வேண்டாம். வெள்ளைத்தாள் போதும், பதிவும் கட்டாயமில்லை. ஆனால் 2 சாட்சிகள் கையெழுத்து கட்டாயம். சொத்து பெறுபவரையே சாட்சியாகப் போடாதீர்கள், பின்னாளில் சந்தேகத்துக்கு அதுவே வழி. பதிவு செய்துவிட்டால் சண்டை வரும்போது உதவும்.

வக்கீலை எப்படித் தேடுவது?

முதலில் ஒரு விஷயம்: அண்ணன் கூட்டிக்கொண்டு வரும் வக்கீல் அண்ணனுக்குத்தான் வக்கீல். உங்களுக்குத் தனியாக ஒருவர் வேண்டும். பாகப்பிரிவினை வழக்கு சொத்து இருக்கும் ஊர் கோர்ட்டில்தான் நடக்கும் என்பதால், அங்கே சிவில் வழக்கு பார்ப்பவராகத் தேடுங்கள். தமிழ்நாடு, புதுச்சேரி பார் கவுன்சிலில் பதிவு செய்த எண்ணைக் கேட்கலாம், தப்பில்லை.

போகும்போது இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், மூலப்பத்திரம், பட்டா நகல் எடுத்துச் செல்லுங்கள். வாரிசுச் சான்றிதழுக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம். வில்லங்கத்தைப் பதிவுத்துறை இணையதளத்திலேயே பார்க்கலாம். பத்திரம் அண்ணன் கையில் இருந்தாலும் கவலை வேண்டாம், சர்வே எண் தெரிந்தால் வில்லங்கம் பார்த்து, சார்பதிவாளர் அலுவலகத்தில் நகல் வாங்கிவிடலாம்.

ஃபீஸை முதலிலேயே பேசி முடியுங்கள். "ஜெயிச்சா சொத்துல இத்தனை பர்சன்ட்" என்று யாராவது கேட்டால் நகர்ந்துவிடுங்கள். பார் கவுன்சில் விதிப்படி வக்கீல் அப்படிக் கேட்கவே கூடாது.

காசு இல்லையா? பெண்களுக்கு, வருமானம் எவ்வளவு இருந்தாலும், சட்டப்பணிகள் ஆணைக்குழு மூலம் இலவசமாக வக்கீல் கிடைப்பார். பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகளுக்கும் இது உண்டு. மாவட்ட கோர்ட் வளாகத்திலேயே அலுவலகம் இருக்கும். 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம். பத்திரத்தை நீட்டுபவரிடம், "ஒரு நகல் கொடுங்க, படிச்சுப் பார்த்துட்டுச் சொல்றேன்" என்று அதுவரை நேரம் வாங்குங்கள்.