சிவப்புச் சாயமும் 693ஆம் எண்ணும்

1934–35இல் மலேரியா கேகாலையைப் புரட்டிப்போட்டது. நாடெங்கும் ஏறத்தாழ 80,000 பேர் மாண்டார்கள். அதற்காவது கொயினா இருந்தது. பிள்ளை பெற்ற சில நாட்களில் குளிரும் நடுக்கமுமாக வரும் பிரசவக் காய்ச்சலுக்கு ஒன்றுமே இல்லை. தெஹியோவிட்ட றப்பர் தோட்டமோ, பலாங்கொடைத் தேயிலைத் தோட்டமோ, லயத்து அறைக்குள் பிள்ளை பெற்றவளுக்குக் காய்ச்சல் கண்டால் வீடே கதிகலங்கும். 1930களில் இலங்கையில் 1,00,000 பிறப்புக்கு 2,000க்கும் மேற்பட்ட தாய்மார் இறந்தார்கள்.

மருந்து ஜெர்மனியில், சாயம் காய்ச்சுகிறவர்களிடம் பிறந்தது. பேயர் ஆய்வுகூடத்தில் கெர்ஹார்ட் டோமாக், ஒரு சிவப்புச் சாயம் எலிகளைக் கிருமியிலிருந்து காப்பதை 1932இல் கண்டார். 1935இல் அறிவித்தார். பெயர் புரொன்டோசில். அதே ஆண்டு பாரிஸின் பாஸ்டர் நிறுவனத்தார், உடலுக்குள் சாயம் உடைந்து வெளிப்படும் நிறமற்ற சல்ஃபனிலமைடே கிருமியை அடக்குகிறது என்று காட்டினார்கள். அது 1908லேயே வியன்னாவில் பவுல் கெல்மோ செய்து வைத்த பொருள்! காப்புரிமை காலாவதி, யாரும் மலிவாகச் செய்யலாம். அத்தனை ஆண்டுகளில் எத்தனை தாய்மார் போனார்கள் என்று நினைத்தால் நெஞ்சு பதறுகிறது.

1936இல் லண்டனில் லெனார்ட் கோல்புரூக் பிரசவக் காய்ச்சல் கண்ட 38 பெண்களுக்குப் புரொன்டோசில் கொடுத்தார், மூவரே இறந்தனர். 1938இல் மே அண்ட் பேக்கர் கம்பெனியின் சல்ஃபாபிரிடின் நிமோனியாவையும் மடக்கியது. கம்பெனியின் சோதனை எண்ணே அதற்குப் பெயராக நிலைத்தது: எம் அண்ட் பி 693.

இந்தச் சல்ஃபா குளிசைகளுக்கு ஊசி வேண்டாம், குளிர்ப்பெட்டி வேண்டாம். டாக்டர் இல்லாத தோட்டத்து டிஸ்பென்சரிக்கு ஏற்ற மருந்து. ஆனால் எளிதல்ல. நாலு மணிக்கொரு தரம், நடுச்சாமத்திலும் எழுப்பிக் குளிசை கொடுக்க வேண்டும். குமட்டி வாந்தி வரும். தண்ணீர் போதாவிட்டால் மருந்தே சிறுநீரகத்தில் உப்புக்கல்லாகப் படியும். விடிந்தால் வேலைப் பெரட்டுக்கு நிற்க வேண்டிய வீட்டில் இரவெல்லாம் யார் கண்விழிப்பது? தண்ணீருக்கோ, குழாயடி லயத்துக்கு வெளியே.

1950 வாக்கில் நாட்டின் தாய்மார் மரணம் 1,00,000 பிறப்புக்கு 600க்கும் கீழே இறங்கியது. மலேரியா ஒழிப்பு, மருத்துவிச்சிகள், ஆஸ்பத்திரிகள், பெனிசிலின், சல்ஃபா எல்லாவற்றுக்கும் அதில் பங்குண்டு. தோட்டத்துப் பெண்ணுக்கு மட்டும் அந்தப் பங்கு பிந்தியே கிடைத்தது. 1970களில் தோட்டங்கள் அரசுடைமையாகும்வரை அவள் வைத்தியம் துரைமார் பொறுப்பிலேயே விடப்பட்டிருந்தது. அதை நான் அநீதி என்றே எழுதுவேன்.