கோயிற் பொறுப்பு

சூளூர்பேட்டையில் வாழும் நமக்குச் செங்காளம்மன் கோயிலை எவரும் அறிமுகப்படுத்த வேண்டுவதில்லை. இரவும் பகலும் அக்கோயிலின் வாயில் அடைக்கப்படுவதில்லை என்பது இவ்வூர் மரபு. 1971இல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவூர்திகள் செலுத்தப்படத் தொடங்கிய பின்னர், விண்வெளி அறிஞர்களும் அங்கு வந்து வணங்கிச் செல்வதைக் காண்கிறோம். ஆயினும் வாயில் திறந்தே இருக்கும் கோயிலிலும் உண்டியலுக்குப் பூட்டு வேண்டும் அன்றோ? அதன் சாவி யாரிடம் இருப்பது என்னும் வழக்கு, நம் பக்கத்துத் திருப்பதியில் இரு நூற்றாண்டுகளாக நடந்து வந்திருக்கிறது.

1801 முதல் திருமலைக் கோயிலின் நிருவாகம் கிழக்கிந்தியக் கும்பினியின் கைக்கு வந்தது. செலவு போக மிஞ்சிய வருவாய் கும்பினிக் கருவூலத்தைச் சேர்ந்தது. 1817ஆம் ஆண்டின் 7ஆம் ஒழுங்குமுறைச் சட்டம், சென்னை மாகாணத்து அறநிலையங்கள் யாவற்றையும் வருவாய் வாரியத்தின் மேற்பார்வையில் வைத்தது. பக்தர்கள் இதனை எதிர்த்தனரோ என்றால், எதிர்ப்பு வேறிடத்திலிருந்து எழுந்தது! கிறித்தவ அரசு இந்துக் கோயில்களை நடத்துவது பாவம் என்று பாதிரிமார் இங்கிலாந்தில் முழங்கினர். கோயில் விழாக்களுக்குப் படை மரியாதை செய்வது தம் மனச்சான்றுக்கு ஒவ்வாதென்று சென்னைப் படைத்தலைவர் சர் பெரிகிரின் மெயிட்லண்டு 1838இல் பதவி துறந்தார். கும்பினி பணிந்தது. 1843இல் திருமலைக் கோயில் ஹாதிராம்ஜி மடத்து மகந்து சேவாதாசரிடம் ஒப்படைக்கப்பட்டது.

மெயிட்லண்டின் நேர்மையை நாம் மதிக்கிறோம். ஆனால் தன் மனச்சான்றைக் காத்துக்கொண்ட அரசு, நெடுநாள் வருவாய் எடுத்த கோயில்களுக்குத் தக்க கண்காணிப்பை விட்டுச் செல்லவில்லை. கோப்புகளோடு காலங் கழிக்கும் நம்போன்றோர்க்குத் தெரியும்: கணக்குக் கேட்பாரில்லாத இடத்தில் நல்லவரும் தடுமாறுவர். 1863ஆம் ஆண்டுச் சட்டம் நியமித்த குழுக்களாலும் குறை தீரவில்லை. திருப்பதி நிருவாக வழக்குகள் இலண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்றன.

இந்நிலையை மாற்ற முனைந்தவர் நம் பக்கத்துக் காளத்தியிற் பிறந்த பனகல் அரசர். நீதிக்கட்சியின் முதலமைச்சராக இருந்து அவர் கொணர்ந்த அறநிலையச் சட்டம், சமயத்தில் அரசு தலையிடுகிறது என்ற கடும் எதிர்ப்பைக் கடந்து 1925இல் நடைமுறைக்கு வந்தது. 1927இல் மீண்டும் இயற்றப்பட்டது. திருப்பதிக்கெனத் தனிச்சட்டம் 1932இல் பிறந்தது. மறு ஆண்டிலே மகந்துகளின் தொண்ணூறாண்டு நிருவாகம் முடிவுற்று, தேவஸ்தானம் உருவாயிற்று.

எது சமயம், எது நிருவாகம்? 1954இல் சிரூர் மடத்து வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒரு கோடு கிழித்தது. வழிபாட்டு முறை சமயத்தாருக்கே உரியது. சொத்து நிருவாகத்தைச் சட்டம் ஒழுங்குபடுத்தலாம். கோடு தெளிவாகத்தான் தோன்றுகிறது. அர்ச்சகர் அக்கோட்டின் எப்பக்கத்தில் நிற்கிறார் என்ற வினா எழுந்தவுடனே அது மங்கிவிடுகிறது. அர்ச்சகரின் பரம்பரை உரிமையை ஆந்திரம் 1987இல் நீக்கியது. 1996இல் உச்ச நீதிமன்றம் அதனை ஏற்றது. 2007இல் அதே ஆந்திரச் சட்டமன்றம் அவ்வுரிமைக்கு மீண்டும் இடமளித்துச் சட்டத்தைத் திருத்திற்று.