கடலடி மீத்தேனும் பூமிக்கு வந்த பழைய காய்ச்சலும்

பூமி சூடாகி வருகிறது என்பது இன்று எல்லோருக்கும் தெரிந்த செய்தி. ஆனால் பூமிக்குக் காய்ச்சல் வருவது இது முதல் முறையல்ல. சுமார் 5.6 கோடி ஆண்டுகளுக்கு முன்பு, டைனோசர்கள் அழிந்து ஒரு கோடி ஆண்டுகள் கழிந்த பின், பூமியின் சராசரி வெப்பநிலை 5 பாகை செல்சியஸ் அல்லது அதற்கும் மேல் உயர்ந்தது. அப்போது தொழிற்சாலையும் இல்லை, மோட்டார் வாகனமும் இல்லை, மனிதனே இல்லை. அப்படியானால் காரணம் என்ன? இதற்கு விடை தேடிய புவிவேதியியலாளர்களின் கதை, துப்பறியும் கதையைப் போலவே சுவையானது.

முதல் தடயம் அண்டார்டிகாவுக்கு அருகே கிடைத்தது. 1987-ல் ஜாய்டெஸ் ரெசல்யூஷன் என்ற ஆய்வுக் கப்பல் வெட்டல் கடலின் அடித்தளத்தைத் துளையிட்டு வண்டலை எடுத்தது. அதில் ஃபொராமினிஃபெரா எனப்படும் ஒருசெல் உயிரிகளின் சுண்ணாம்பு ஓடுகள் மணல்போல் கலந்திருந்தன. அந்த ஓடுகளை ஆராய்ந்த ஜேம்ஸ் கென்னட், லோவெல் ஸ்டாட் இருவரும் 1991-ல் முடிவுகளை வெளியிட்டனர். ஓட்டிலிருந்த ஆக்சிஜன் ஐசோடோப்புகள், கடல் திடீரென்று சூடானதைக் காட்டின. ஆழ்கடலில் வாழ்ந்த ஃபொராமினிஃபெரா இனங்களில் பல அதே சமயத்தில் அழிந்திருந்தன. கூடவே கார்பனிலும் ஒரு மாற்றம் இருந்தது.

இயற்கையில் நிலையான கார்பன் இரண்டு வகை. சுமார் 99 சதவீதம் கார்பன்-12. மீதி அதைவிடச் சற்றுக் கனமான கார்பன்-13. தாவரங்கள் இலேசான வகையையே அதிகம் எடுத்துக்கொள்கின்றன. எனவே அவற்றில் கார்பன்-13 வழக்கமான அளவைவிட ஆயிரத்துக்கு 25 பங்கு போலக் குறைவு. நுண்ணுயிர்கள் உண்டாக்கும் மீத்தேனிலோ ஆயிரத்துக்கு 60 பங்கு வரை குறைவு. எரிமலை வாயுவில் இந்தக் குறைவு மிகச் சிறியது. ஆக, கார்பன் எங்கிருந்து வந்தது என்பதற்கு ஐசோடோப்பு ஒரு முத்திரை மாதிரி.

அந்தப் பழைய ஓடுகளிலோ கார்பன்-13 சட்டென்று குறைந்திருந்தது. உலகக் கடல் முழுவதற்கும் சேர்த்து ஆயிரத்துக்கு 2.5 பங்கு போல. கேட்கச் சிறிய எண்தான். ஆனால் கடல் முழுவதையும் மாற்ற எவ்வளவு கார்பன் வேண்டும்!

1995-ல் ஜெரால்டு டிக்கன்ஸ் என்ற புவிவேதியியலாளரும் அவருடைய சகாக்களும் ஒரு விடை சொன்னார்கள். கடலடி வண்டலில், குளிரிலும் அழுத்தத்திலும், மீத்தேன் பனிக்கட்டி போல உறைந்து கிடக்கிறது. இதற்கு மீத்தேன் ஹைட்ரேட் என்று பெயர். ஆழ்கடல் நீர் சுமார் 4 பாகை சூடானால் அது சிதைந்து வாயு வெளியேறும். ஒரு குடம் தண்ணீரைக் கறுப்பாக்க டிகாஷன் என்றால் நிறைய வேண்டும். மை என்றால் கொஞ்சம் போதும். மீத்தேன் அந்த மையைப் போன்றது. ஒரு லட்சம் கோடி டன்னுக்குச் சற்று மேல் வெளிவந்தாலே கணக்கு பொருந்தியது.

2002-ல் டெபோரா தாமஸ் குழுவினர் ஓடுகளை ஒவ்வொன்றாக அளந்தபோது, கடல் முதலில் சூடாகி, பிறகுதான் கார்பன் மாறியது தெரிந்தது. மீத்தேன் கருத்துக்கு இது பலம் சேர்த்தது. ஆனால் முதலில் சூடாக்கியது எது என்ற புதிய கேள்வியும் பிறந்தது.

அடுத்து ஒரு சிக்கல். தென் அட்லாண்டிக்கின் வால்விஸ் மலைத்தொடரில் எடுத்த வண்டலை ஆராய்ந்த ஜேம்ஸ் சாக்கோஸ் குழு, கடல் அமிலமாகிச் சுண்ணாம்பு பெருமளவில் கரைந்துபோனதை 2005-ல் காட்டியது. அவ்வளவு கரைய, டிக்கன்ஸ் சொன்ன மீத்தேன் போதாது. 2017-ல் மார்கஸ் குட்யார் குழு போரான் ஐசோடோப்புகளைக் கொண்டு கணக்கிட்டது. வெளியான கார்பன் 10 லட்சம் கோடி டன்னுக்கு மேல் என்றும், அதில் பெரும்பகுதி வட அட்லாண்டிக் எரிமலைகளின் வேலை என்றும் அது கூறியது. இந்தக் கணக்குப்படி மீத்தேன் முதல் குற்றவாளி அல்ல. துணை போயிருக்கலாம், அவ்வளவே.

அப்படியானால் டிக்கன்ஸின் உழைப்பு வீணா? இல்லை. சரிபார்க்கக்கூடிய ஒரு கணக்கை அவர் முன்வைத்ததால்தான் மற்றவர்களால் அதைச் சோதிக்க முடிந்தது. கொஞ்சம் மையா, நிறைய டிகாஷனா என்பதை நிறம் மட்டும் சொல்லாது. இன்னொரு சாட்சியும் வேண்டும் என்பதையும் அந்தச் சோதனைதான் கற்றுக்கொடுத்தது.

அதே முறை இன்றும் பயன்படுகிறது. 2007 முதல் காற்றில் மீத்தேன் மீண்டும் கூடி வருகிறது. அதில் கார்பன்-13 குறைந்தும் வருகிறது. சதுப்புநிலம், கால்நடை, குப்பைமேடு போன்ற நுண்ணுயிர் மூலங்களின் பங்கு அதிகரித்திருப்பதை இது உணர்த்துகிறது.

அன்றைய காய்ச்சல் தணிய ஒரு லட்சம் ஆண்டுகளுக்கு மேல் ஆனது. இன்று மனிதன் கார்பனை வெளியிடும் வேகமோ அன்றையதைவிடப் பல மடங்கு. கண்ணுக்குத் தெரியாத ஓடுகள் தரும் இந்த எச்சரிக்கையைக் கேட்க இன்னும் நேரம் இருக்கிறது.