சுமந்து வந்த சோறும் தேடி நடக்கும் கால்களும்

பினாங்கு ஜார்ஜ் டவுனில் மாலை வேளைகளில் சுற்றுப்பயணிகள் சிறு சிறு குழுவாக நடந்து போவதைக் காணலாம். முன்னால் ஒரு வழிகாட்டி. ஒரு தெருவில் மீ கோரேங், அடுத்த முனையில் லக்சா, அதற்கப்பால் சென்டோல், கடைசியில் நாசி கண்டார். மூன்று, நான்கு மணி நேரத்தில் ஒரு நகரத்தையே சுவைத்து முடித்த நிறைவோடு அவர்கள் விடுதி திரும்புகிறார்கள். 2008 ஜூலை 7-ஆம் நாள் ஜார்ஜ் டவுனும் மலாக்காவும் யுனெஸ்கோவின் உலக மரபுடைமைப் பட்டியலில் இடம் பெற்ற பிறகு, இத்தகைய உணவு நடைகள் பெருகிவிட்டன.

நல்ல முயற்சிதான். ஆனால், நடையில் சொல்லப்படும் கதை பெரும்பாலும் இனவாரியாகவே அமைந்துவிடுகிறது. இது சீனர் தெரு, இது சீனர் உணவு. இது லிட்டில் இந்தியா, இது இந்தியர் உணவு. கேட்பதற்கு எளிது. உண்மையில் அந்தத் தட்டுகளில் இருப்பது அப்படிப் பிரிந்து கிடந்த வரலாறா?

பிரான்சிஸ் லைட் 1786 ஆகஸ்டில் பினாங்கில் ஆங்கிலக் கொடியை ஏற்றினார். முதலில் போடப்பட்ட சில தெருக்களில் ஒன்றுதான் இன்றைய சூலியா தெரு. தமிழ் முஸ்லிம்களைக் குறித்த பழைய பெயர் சூலியா. லைட் 1794-இல் எழுதிய குறிப்பு ஒன்று முக்கியமானது. சோழமண்டலக் கரையிலிருந்து ஆண்டுக்கு 1,300 முதல் 2,000 ஆடவர் வரை கப்பலில் வந்து இறங்குகிறார்கள். வாணிபமும் கூலி வேலையும் செய்து சில டாலர் சேர்த்ததும் ஊர் திரும்புகிறார்கள். அவர்கள் இடத்துக்கு வேறு ஆட்கள் வருகிறார்கள் என்று அவர் எழுதியிருக்கிறார்.

வந்தவர்கள் ஆடவர். மனைவி மக்கள் ஊரில். பத்துப் பேர் படுத்து எழும் இடத்தில் அடுப்பு ஏது? சீனாவிலிருந்து வந்த கூலிகளின் நிலையும் இதுவே. சமையலறை இல்லாத ஆயிரக்கணக்கான மனிதர்கள் கூடிய துறைமுகத்தில், சமைத்த சோற்றை யாரோ ஒருவர் கொண்டு வந்து கொடுக்க வேண்டியிருந்தது. பினாங்குத் தெரு உணவு பிறந்த காரணம் இதுதான். ருசிக்காகப் பிறந்ததன்று, பசிக்காகப் பிறந்தது.

நாசி கண்டார் என்னும் பெயரே இதற்குச் சான்று. நாசி என்றால் சோறு. கண்டார் என்றால் தோளில் வைத்துச் சுமக்கும் தடி. தடியின் ஒரு முனையில் சோறு, மறு முனையில் கறிக் குழம்பு. முருகன் கோயிலுக்கு எடுக்கும் காவடியும் ஆதியில் இதே காவுதடிதான். தமிழ் முஸ்லிம் வியாபாரிகள் இதைத் தோளில் ஏற்றிக்கொண்டு, மூட்டை தூக்கும் தொழிலாளர்கள் கூடும் வெல்ட் கீ கரைப்பக்கம் நடந்தார்கள். மரத்தடியிலோ ஐந்தடி நடைபாதையிலோ இறக்கி வைத்து, இலையில் சோற்றைப் போட்டுக் குழம்பை ஊற்றினார்கள். இன்று உண்பவர் உணவைத் தேடி நடக்கிறார்; அன்று உணவுதான் உண்பவரைத் தேடி நடந்தது.

நடந்த உணவு எல்லைகளையும் கடந்தது. சுமந்து திரிந்த வியாபாரிகள் பலர் பின்னாளில் காப்பிக் கடை ஓரங்களில் நிலையாக இடம் பிடித்தனர். கடை சீனருடையது, தண்ணீர் வகைகளை அவர் விற்பார். முன்புற மூலையில் வாடகைக்கு நாசி கண்டார் அடுக்கு. ஒரே மேசையில் மூவின மக்களும் உட்கார்ந்தார்கள். இந்த ஏற்பாட்டை இன்றும் ஜார்ஜ் டவுனின் சில காப்பிக் கடைகளில் பார்க்கலாம். அதற்கு எந்த இனப்பெயரை ஒட்டுவது?

மீ கோரேங்கை எடுத்துக்கொள்ளுங்கள். மஞ்சள் மீயும் தவ்வும் சீனர் கொடுத்தவை. அதில் மிளகாய் அரைப்பையும் உருளைக்கிழங்கையும் சேர்த்துப் புரட்டியவர் தமிழ் முஸ்லிம். உண்டவர் எல்லாரும். அந்தக் கடைகளுக்கு அமைந்த ‘மாமாக்’ என்ற பெயரும், மாமா என்ற தமிழ் உறவுச் சொல்லிலிருந்து வந்தது என்றே பரவலாகச் சொல்லப்படுகிறது. ஆனால், மாமாக் உணவு என்று சொல்லும்போது, அதற்குப் பின்னால் ராமநாதபுரக் கடற்கரையும் கடையநல்லூரும் தென்காசியும் இருப்பது எத்தனை பேர் காதில் விழுகிறது? 1907-இல் தொடங்கிய ஹமீதியா உணவகம் கேம்பல் தெருவில் இருக்கிறது. அதன் வாசலில் வரிசையில் நிற்போர் பலருக்கும் அது ‘மலேசிய உணவு’. தவறில்லை. ஆயினும் சமைத்தவரின் ஊர், மொழி இரண்டும் சொல்லாமலே விடுபடும்போது, மிச்சமிருப்பது குழம்பு மட்டுமே.

தெருக்களின் கதையும் இப்படியே. 1801-ஐத் தொடக்கமாகக் கொண்ட கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல், 1818-இல் கட்டப்பட்ட செயின்ட் ஜார்ஜ் தேவாலயம், குவான் இன் கோயில், 1833-இல் எழுந்த மகாமாரியம்மன் கோயில் ஆகிய நான்கும் சிறு நடைத் தொலைவுக்குள் அடங்கிவிடுகின்றன. இவற்றுக்கிடையே உள்ள லெபு பாசாரைத் தமிழர்கள் கடைத்தெரு என்றே அழைத்து வந்தார்கள். 

இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. போருக்கு முந்திய கட்டடங்களின் வாடகையைக் கட்டுப்படுத்தி வந்த 1966-ஆம் ஆண்டுச் சட்டம் 1997-இல் நீக்கப்பட்டது. அவகாசம் முடிந்து 2000-ஆம் ஆண்டு பிறந்ததும் வாடகை ஏறியது. தலைமுறை தலைமுறையாக அந்தக் கடைவீடுகளில் குடியிருந்தவர்கள் புறநகர் அடுக்குமாடிகளுக்குப் பெயர்ந்தார்கள். பல வீடுகள் விடுதிகளாயின. சமைத்தவரும் உண்டவரும் ஒரே தெருவில் வாழ்ந்த காலம் அதோடு குலைந்தது. உணவு நடை பெருகிய தெருக்கள் இவைதாம் என்பது கசப்பான ஒற்றுமை.

அடுப்படிக்கு ஆள் கிடைப்பதும் கடினமாயிற்று. கடைக்காரரின் பிள்ளைகள் படித்து வேறு வேலைக்குப் போனார்கள். கரண்டி வெளிநாட்டுத் தொழிலாளர் கைக்குப் போனது. 2016 ஜனவரி முதல், பெயர்பெற்ற பினாங்கு அங்காடி உணவுகளை வெளிநாட்டவர் சமைக்கக் கூடாது என்று மாநில அரசு விதி கொண்டு வந்தது. மரபைக் காக்கும் நோக்கம் புரிகிறது. ஆனால், கண்டாரைத் தோளில் தூக்கிக்கொண்டு வெல்ட் கீ கரையில் முதலில் நடந்தவரும், சில டாலர் சேர்த்துக்கொண்டு ஊர் திரும்பக் கப்பலேறி வந்த வெளிநாட்டவர்தாமே!